கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்பது தமிழ் மக்கள் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த சிறுவர்க்கும் அது தெரியும். பெரியபுராணம் பயின்ற பெரியவர்க்கும் அது தெரியும். சாத்தனூரில் ஆநிரை மேய்த்த மூலன் என்பான் இறந்துபட, பசுக்கள் கதறக் கண்டு மனமிரங்கிய சிவயோகியார் ஒருவர் தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலிற் புகுந்தார். பின்னர்த் திரும்பி வந்து தேடியபோது தம் பழைய உடலை அவர் காணவில்லை. புகுந்த உடலிலேயே தங்கியிருந்து திருமந்திரம் அருளினார் என்பது திருமூலர் வரலாறு.

இவ்வுரையின் பொருள் சமயமன்று, கணிப்பொறி. ஆயினும் இங்கும் நிகழ்வது கூடு பாய்தலே. புகுவது கதை, புகும் உடல் பொறி. பழைய உடல் மறைந்துவிட்ட பின்னும் கதை வாழ்வதற்கு என்ன வேண்டும் என்பதே கேள்வி. அக்கேள்விக்கு நல்ல விடையொன்றை ஓர் அமெரிக்கக் கதைக் குழுவின் வரலாறு தருகிறது.

இல்லாத பொறி

கணிப்பொறியின் மூளையாகிய செயலி ஒவ்வொன்றுக்கும் தனிமொழி உண்டு. 1980-ஆம் ஆண்டையொட்டி வீடுகளுக்குள் புகத் தொடங்கிய சிறு கணிப்பொறிகளை நோக்கினால் இது விளங்கும். ஆப்பிள்-2 பொறியில் இருந்த செயலி 6502, டி.ஆர்.எஸ்-80 பொறியில் இருந்தது இசட்-80. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பொறியில் இருந்தது 8088. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. ஒன்றுக்கென எழுதிய நிரலை மற்றொன்றில் இயக்க வேண்டுமாயின் முதலிலிருந்து மீண்டும் எழுத வேண்டும். பத்து நூல்களைப் பத்து வகைப் பொறிகளுக்குத் தர விரும்பும் பதிப்பாளர் நூறு முறை எழுதுவிக்க வேண்டிவரும்.

இவ்விடர் தீர அறிஞர் கண்ட வழி வியப்பானது. எந்தத் தொழிற்சாலையும் செய்திராத, செய்யப்போவதும் இல்லாத ஒரு கணிப்பொறியை ஏட்டில் வகுப்பது அவ்வழி. அதன் நினைவகம் எவ்வாறு பகுக்கப்படும், எண்கள் எவ்வாறு எழுதப்படும், என்னென்ன கட்டளைகளுக்கு அது பணியும் என்பனவற்றை இலக்கணம்போல் வரையறுப்பர். நூல்கள் அனைத்தையும் அந்த இல்லாத பொறியின் மொழியிலேயே ஆக்குவர். பின்னர், உண்மைப் பொறி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிரல் எழுதுவர். அந்நிரல் இல்லாத பொறியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, தான் குடியிருக்கும் பொறியின் மொழியில் உடனுக்குடன் பெயர்த்துச் செய்துகாட்டும். இல்லாத பொறி மெய்நிகர் பொறி எனப்படும். பெயர்த்துச் செய்யும் நிரலை இண்டர்பிரிட்டர் என்பர். தமிழில் பெயர்ப்பி எனலாம். இப்போது பத்து நூல்களுக்கும் பத்துப் பொறிகளுக்கும் எழுத வேண்டியவை நூறல்ல. பத்து நூலும் பத்துப் பெயர்ப்பியுமாக இருபதே. புதிய பொறி ஒன்று சந்தைக்கு வந்தால் ஒரே ஒரு பெயர்ப்பி எழுதினால் போதும். பழைய நூல்கள் அனைத்தும் அன்றே அதில் ஓடும்.

தமிழ் பயின்றோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. தொல்காப்பிய நூற்பா ஒன்றே. அதற்கு இளம்பூரணர் ஓர் உரை கண்டார், நச்சினார்க்கினியர் ஓர் உரை கண்டார், சொல்லதிகாரத்திற்குச் சேனாவரையரும் உரை கண்டார். ஒவ்வொரு காலமும் தன் மொழியில் பழைய நூலைப் பேச வைத்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உரையாசிரியர்கள் தம்முள் மாறுபடலாம். மாறுபாடே உரைக்கு அழகு. பெயர்ப்பிகள் மாறுபடலாகாது. ஒரு கட்டளைக்கு ஒரு பெயர்ப்பி ஒரு பொருளும் இன்னொன்று வேறு பொருளும் கொண்டால், கதை ஒரு பொறியில் வாழும், மற்றொன்றில் மடியும்.

இந்த எண்ணம் 1960-களிலேயே முளைவிட்டது. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் தம் பி.சி.பி.எல். மொழியைப் பல பொறிகளுக்குக் கொண்டுசெல்ல ஓ-கோட் என்னும் இடைமொழியைக் கையாண்டார். 1970-களில் சூரிச் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நிக்லாஸ் விர்த்தின் குழுவினர் பாஸ்கல் மொழிக்கெனப் பி-கோட் என்னும் மெய்நிகர் பொறியை வகுத்தனர். அப்பணியில் ஈடுபட்டவர்களுள் இந்தியரான கேசவ் நோரியும் ஒருவர். சான் டியாகோவில் கென்னத் போல்ஸ் அதனைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தார். இவையெல்லாம் நிரல் எழுதுவோர்க்கு உதவியவை. கதை படிப்போர்க்கென ஒரு மெய்நிகர் பொறி பிறந்தது 1979-இல்.

மாசசூசெட்ஸில் பிறந்த கதை

எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் ஆகிய நால்வர் ‘ஜோர்க்’ என்னும் கதையாடலை எழுதத் தொடங்கினர். அதற்குச் சற்று முன் வில் கிரவுதரும் டான் உட்ஸும் ஆக்கிய குகைக் கதையொன்று அவர்களைக் கவர்ந்திருந்தது. ஜோர்க்கில் படம் இல்லை, ஒலி இல்லை. திரையில் எழுத்து மட்டுமே தோன்றும். வெள்ளை வீடொன்றின் முன் நிற்பதாகக் கதை தொடங்கும். படிப்பவர் ‘பெட்டியைத் திற’, ‘வடக்கே செல்’ என ஆங்கிலத்தில் தட்டச்சிடுவார். கதை அதற்கேற்ப அடுத்த காட்சியை எழுதிக்காட்டும். படிப்பவரும் கதையின் ஒரு பாத்திரமாகிவிடும் இலக்கிய வகை அது.

அக்கதை ஓடியது பி.டி.பி-10 என்னும் பெரும் பொறியில், எழுதப்பட்டது எம்.டி.எல். என்னும் மொழியில். அதற்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட்டு நினைவகம் வேண்டியிருந்தது. அக்காலத்தில் அது பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் மட்டுமே தாங்கக்கூடிய அளவு. 1979 ஜூன் மாதம் எம்.ஐ.டி. நண்பர்கள் சிலர் கூடி இன்ஃபோகாம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். வீட்டுக் கணிப்பொறியில் ஜோர்க்கை ஓட வைப்பதென அவர்கள் பின்னர் முடிவு செய்தனர். வீட்டுப் பொறியிலோ 32 கிலோபைட்டு நினைவகமும் ஒரு வட்டு இயக்கியும் இருந்தாலே பெரிது. யானையைப் பானைக்குள் புகுத்த வேண்டிய வேலை அது.

ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் இதற்கென ஒரு மெய்நிகர் பொறியை வகுத்தனர். ஜோர்க்கின் முதலெழுத்தால் அது இசட் பொறி எனப் பெயர் பெற்றது. கதை முழுவதையும் அப்படியே கொண்டுவர இயலாமையால், லெப்லிங் கதையின் நிலப்படத்தில் ஏறத்தாழ நூறு இடங்களை வளைத்து எடுத்து முதற் பகுதியாக்கினார். எஞ்சியவை பிற்பகுதிகளுக்கு ஒதுங்கின. ஸ்காட் கட்லர் டி.ஆர்.எஸ்-80 பொறிக்கும், புரூஸ் டேனியல்ஸ் ஆப்பிள்-2 பொறிக்கும் பெயர்ப்பி எழுதினர். 1980-இன் இறுதியில் முதற் பகுதி விற்பனைக்கு வந்தது. தொடர்ந்து அடாரி, கொமடோர், ஐ.பி.எம்., மெக்கின்டோஷ், அமீகா எனப் பொறிகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பி எழுதப்பட்டது; கதைகள் எழுதப்பட்டது ஒரே முறைதான். 1984-இல் டக்ளஸ் ஆடம்சும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் ஆக்கிய ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’, 1986-இல் பிரையன் மோரியார்ட்டி அணுகுண்டின் வரலாற்றை மையமாக்கி எழுதிய ‘டிரினிட்டி’ ஆகியன இவ்வரிசையில் வந்த புகழ்பெற்ற ஆக்கங்கள்.

பொறியின் இலக்கணம்

இசட் பொறி வகுக்கப்பட்ட முறையில் ஒரு புலவர்க்குரிய சிக்கனம் உண்டு. பொதுவாக ஓர் எழுத்தைச் சேமிக்க 8 பிட் வேண்டும். இசட் பொறியில் ஓர் எழுத்துக் குறிக்கு 5 பிட்டே. 16 பிட் கொண்ட ஒரு சொல்லிடத்தில் மூன்று குறிகள் அடங்கும். எஞ்சிய ஒரு பிட் ‘இத்துடன் தொடர் முடிந்தது’ என்பதைக் காட்டும். 5 பிட்டில் 32 குறிகளே எழுதக்கூடும் ஆகையால், சிறிய எழுத்துகளுக்கு ஓர் அடுக்கு, பெரிய எழுத்துகளுக்கு ஓர் அடுக்கு, எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் ஓர் அடுக்கு என மூன்று அடுக்குகளை வைத்து, அடுக்கு மாற்றும் குறியொன்றால் இடைவழி அமைத்தனர். அடிக்கடி வரும் தொடர்களைச் சுருக்கக் குறிகளாகவும் வைத்தனர். மூன்றாம் பதிப்பில் அத்தகைய சுருக்கங்கள் 96 வரை இடம்பெறலாம். மூன்று பைட்டு கொள்ளும் சிறிய எழுத்துகள் இரண்டு பைட்டில் அடங்கின.

கதையின் நினைவகமும் மூன்றாகப் பகுக்கப்பட்டது. விளக்கு எரிகிறதா, கதவு திறந்துள்ளதா, வாள் யார் கையில் உள்ளது என்பன போன்ற மாறும் செய்திகள் முதற் பகுதியில் இருக்கும். அகராதி முதலிய மாறாத செய்திகள் அடுத்த பகுதியில். காட்சி விளக்கங்களும் செயல்முறைகளும் மூன்றாம் பகுதியில். இந்த மூன்றாம் பகுதியே மிகப் பெரியது. அதனை முழுமையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டியதில்லை. சுவடிக்கட்டு முழுவதையும் தரையில் விரிக்காமல் வேண்டும் ஏட்டை மட்டும் உருவிப் படிக்கும் புலவர்போல், வேண்டும் பக்கத்தை 512 பைட்டுகளாக வட்டிலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, இடம் போதாதபோது பழைய பக்கத்தைக் கைவிடலாம். எண்பது கிலோபைட்டுக்கு மேற்பட்ட கதை 32 கிலோபைட்டுப் பொறியில் ஓடியது இதனால்தான்.

ஏறத்தாழ நூறு கட்டளைகள், 240 பொது மாறிகள், ஒரு செயல்முறைக்கு மிகுதியாகப் 15 உள்மாறிகள், ஓர் அடுக்கு நினைவு: இவ்வளவே பொறியின் உறுப்புகள். நடுத்தரப் பயிற்சியுடைய ஒருவர் சில வாரங்களில் படித்துக் கட்டமைக்கக்கூடிய அளவு அது. இச்சிறுமையே பின்னர் அதனைக் காத்தது.

பெயர்த்து நடுவோர் படும் பாடு

நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்று வேறு வயலில் வேர்பிடிப்பதற்கு மண்ணறிந்து நட வேண்டும். புதிய பொறிக்குப் பெயர்ப்பி எழுதுவோர்க்கும் மண் அறிவு வேண்டும்.

முதல் இடர் எண் எழுதும் முறை. இசட் பொறியில் 16 பிட் எண்ணின் பெரிய பாதி முன்னும் சிறிய பாதி பின்னும் வரும். 6502, இசட்-80, 8088 ஆகிய செயலிகளோ சிறிய பாதியை முன்னே வைப்பவை. கதைக் கோப்பில் 1, 2 என அடுத்தடுத்துள்ள இரு பைட்டுகள் 258 என்னும் எண்ணைக் குறிக்கும். இதனை மறந்து தன் பொறியின் வழக்கப்படி படிக்கும் பெயர்ப்பி அதனை 513 என்று கொள்ளும். முகவரி ஒன்று இவ்வாறு தவறினால் கதை பிறழ்ந்து எங்கோ சென்று நின்றுவிடும். அமீகாவிலும் தொடக்ககால மெக்கின்டோஷிலும் இருந்த 68000 செயலி பெரிய பாதியை முன் வைப்பது. அங்கு இவ்விடர் இல்லை. ஒரு பொறியில் பிழையின்றி ஓடிய பெயர்ப்பியை இன்னொரு பொறிக்கு மாற்றும்போது இதுவரை உறங்கிய பிழை விழித்துக்கொள்வது இவ்வாறுதான்.

இரண்டாம் இடர் எண்களின் எல்லை. 16 பிட் கணக்கில் 32767-உடன் ஒன்றைக் கூட்டினால் −32768 என்றாகும். பிற்காலத்து 32 பிட், 64 பிட் பொறிகளில் விடை 32768 என்றே நிற்கும். பெரிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தவர் பழைய வீட்டின் தாழ்ந்த நிலைப்படியை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதுபோல், வல்லமை மிக்க பொறியில் பெயர்ப்பி எழுதுவோர் வேண்டுமென்றே அவ்வல்லமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வகுத்தலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. −11-ஐ 2-ஆல் வகுத்தால் இசட் பொறியின் விடை −5. பைத்தான் மொழியின் முழுவெண் வகுத்தலை அப்படியே கையாண்டால் விடை −6 ஆகிவிடும். இரண்டும் கணக்கு மரபில் உள்ளவையே. ஆனால் கதை எழுதியவர் எண்ணியது ஒன்றைத்தான்.

மூன்றாம் இடர் திரை. டி.ஆர்.எஸ்-80 திரையில் ஒரு வரிக்கு 64 எழுத்து. ஆப்பிள்-2, கொமடோர்-64 திரைகளில் 40. கதைக்குத் திரையின் அகலம் தெரியாது. வரியை எங்கே மடக்குவது, திரை நிறைந்தால் எங்கே நிறுத்துவது என்பன பெயர்ப்பியின் கடமை. பெரும்பாலான மூன்றாம் பதிப்புக் கதைகளில் திரையின் மேல் வரியில் இடத்தின் பெயரையும் பெற்ற மதிப்பெண்ணையும் எழுதிக்காட்டுவதும் பெயர்ப்பியே. கதை எதைச் சொல்ல வேண்டும், பொறி எதைச் செய்ய வேண்டும் என்னும் எல்லைக்கோடு இங்கே தெளிவாக வகுக்கப்பட்டது. அவ்வெல்லைக்கோடு தெளிவாக இருந்ததனாலேயே, திரையே இல்லாது தாளில் அச்சிடும் பொறியிலும் பிற்காலக் கைப்பேசியிலும் அதே கதை பொருந்தியது.

பெயர்த்து நட்டபின் பயிர் வேர்பிடித்ததா என அறிய ஒரு வழியும் இருந்தது. மூன்றாம் பதிப்பு முதற்கொண்டு கதைக் கோப்பின் தலைப்பில் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. தலைப்பின் 64 பைட்டுகள் நீங்கலாக எஞ்சியவற்றையெல்லாம் கூட்டி 65536-ஆல் வகுக்க வரும் மீதி அது. பெயர்ப்பி தானே கூட்டிப் பார்த்து ஒப்பிடும். ஏடெழுதுவோர் படியெடுத்தபின் மூல ஏட்டோடு ஒப்புநோக்குவது போன்ற ஏற்பாடு அது.

ஆனால் எல்லாவற்றினும் கடினமான இடர் வேறொன்று. கதைகள் சிலவற்றிலேயே பிழைகள் உண்டு. இல்லாத பொருளொன்றின் தன்மையைக் கேட்பது போன்ற தவறுகள் அவை. பழைய பெயர்ப்பிகள் அவற்றைக் கண்டும் காணாமல் சென்றன. ஆகவே ஒருவர்க்கும் அவை தெரியவில்லை. இலக்கணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் புதிய பெயர்ப்பி அவ்விடத்தில் கதையையே நிறுத்திவிடும். இலக்கணம் பெரிதா, கதை நடப்பது பெரிதா? உ.வே. சாமிநாதையர் சுவடிகளில் பாடங்கள் மாறுபட்டபோது தமக்கு உகந்ததை மட்டும் வைத்துப் பிறவற்றை எறிந்துவிடவில்லை. பாடபேதங்களையும் பதிப்பில் காட்டினார். நல்ல பெயர்ப்பியாளர்களும் அவ்வழியே சென்றனர். தவறு நேருமிடத்தில் எச்சரிக்கை தருவதும், வேண்டுவோர் அதனை அடக்கிவைப்பதும் கூடும் என அமைத்தனர். கோப்பின் ஒரு பைட்டையும் அவர்கள் திருத்தவில்லை.

கொடுத்த விலை

இவ்வழிக்கு விலையும் உண்டு. இடையில் ஒருவர் நின்று மொழிபெயர்த்துக் கூறும் உரையாடல் நேர்ப்பேச்சினும் மெதுவாகத்தான் நடக்கும். எழுத்துக் கதையில் படிப்பவர் சிந்தித்துத் தட்டச்சிடும் நேரமே பெரிது; ஆகவே அத்தாமதம் பெரும்பாலும் உறுத்தவில்லை. இன்ஃபோகாம் நிறுவனம் இதே முறையை வணிகத் தரவுத்தள மென்பொருளுக்கும் கையாண்டது. கார்னர்ஸ்டோன் என்னும் அம்மென்பொருள் 1985-இல் வெளிவந்தது. அதற்கெனவும் ஒரு மெய்நிகர் பொறி வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதற்குள் அலுவலகங்களில் ஐ.பி.எம். வகைப் பொறிகளே நிறைந்துவிட்டன. பல பொறிகளில் ஓடும் ஆற்றலைக் கேட்பார் இல்லை. அதற்காகக் கொடுத்த வேகக் குறைவை மட்டும் அனைவரும் கண்டனர். அம்முயற்சியின் இழப்பு நிறுவனத்தையே சாய்த்தது. 1986-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதனை வாங்கியது. 1989-இல் கேம்பிரிட்ஜ் அலுவலகம் மூடப்பட்டது.

ஒரே கருத்து ஓரிடத்தில் வாழ்வாகவும் மற்றோரிடத்தில் வீழ்வாகவும் முடிந்தது. கூடு பாயும் ஆற்றல், பாய வேண்டிய தேவையுள்ள இடத்தில்தான் பயன்படும். ஆயினும் காலம் என்னும் கணக்கன் இன்னும் பேரேட்டை மூடியிருக்கவில்லை.

உடல் மறைந்த பின்

நிறுவனம் மறைந்தது. டி.ஆர்.எஸ்-80, ஆப்பிள்-2, கொமடோர்-64 ஆகியனவும் கடைகளை விட்டு நீங்கின. செயலியின் மொழியிலேயே நேரடியாக எழுதப்பட்ட அக்காலத்து நிரல்கள் பல அப்பொறிகளோடு முடங்கின. அவற்றை மீட்க வேண்டுமாயின் பழைய பொறியின் ஒவ்வோர் உறுப்பையும், அதன் ஒலிக்கருவி உட்பட, மீண்டும் உருவாக்கிப் பாவனை செய்ய வேண்டும். இசட் பொறியின் கதைகளுக்கோ அத்தேவை எழவில்லை.

அதே நேரத்தில் ஒரு குறையும் இருந்தது. இசட் பொறியின் இலக்கணத்தை இன்ஃபோகாம் பொதுமக்கட்கு வெளியிட்டதில்லை. அது நிறுவனத்தின் வீட்டுச்சொத்தாகவே இருந்தது. எனவே வாசகர்களே அதனை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. 1987-இல் ஆஸ்திரேலியாவில் இன்ஃபோ டாஸ்க் ஃபோர்ஸ் என்னும் பெயரில் கூடிய சிலர், கதைக் கோப்புகளின் பைட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இன்னது கட்டளை, இன்னது எழுத்து எனத் துணிந்து, சி மொழியில் ஒரு பெயர்ப்பி எழுதினர். அறியாத எழுத்தில் பொறித்த கல்வெட்டைப் படிப்பதற்கு ஒப்பான உழைப்பு அது. சி மொழி எல்லாப் பொறிகளிலும் வழங்குவதாகையால் பெயர்ப்பிக்கே இடம்பெயரும் ஆற்றல் வந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கணித அறிஞர் கிரகாம் நெல்சன் 1993-இல் இன்ஃபார்ம் என்னும் கருவியை ஆக்கினார். அது இசட் பொறிக்குப் புதிய கதைகளை எழுத உதவியது. அவரே ‘கர்சஸ்’ என்னும் கதையை எழுதிக்காட்டினார். 1997-இல் இசட் பொறியின் இலக்கணத்தை முழுமையாகத் தொகுத்துப் பொதுவில் வெளியிட்டார். 1995-இல் ஸ்டெஃபன் யோகிஷ் எழுதிய ஃப்ராட்ஸ் என்னும் பெயர்ப்பி, திரை, விசைப்பலகை ஆகியவற்றோடு பேசும் பகுதியைத் தனியே பிரித்து வைத்தது. புதிய பொறிக்கு அதனைக் கொண்டுசெல்வோர் அச்சிறு பகுதியை மட்டும் எழுதினால் போதும். அதனால் கையடக்கப் பொறிகளிலும் கைப்பேசிகளிலும் அது விரைவில் குடியேறியது. பின்னர் இணைய உலாவிக்குள்ளேயே இயங்கும் பெயர்ப்பிகளும் வந்தன.

இன்ஃபோகாம் தன் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துக் கதைகள் ஏறத்தாழ முப்பத்தைந்து. அது மறைந்த பின் அதே இல்லாத பொறிக்கு வாசகர்கள் எழுதிய கதைகள் நூற்றுக்கணக்கின. 1980-களின் தொடக்கத்தில் ஆக்கிய மூன்றாம் பதிப்புக் கோப்பு ஒன்று, ஒரு பைட்டும் மாறாமல், இன்றைய கைப்பேசியில் ஓடுகிறது. அந்தக் கைப்பேசியின் செயலியைக் கதை எழுதியவர் கனவிலும் கண்டதில்லை. கார்னர்ஸ்டோனில் தோற்றதாகத் தோன்றிய கருத்து, கதைகளில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வட்டி தருகிறது.

தமிழுக்கு இதனால் ஆவது

1997-இல் வெளிவந்த இலக்கணம் யூனிகோட் எழுத்துகளுக்கும் இடம் தந்தது. கூடுதல் எழுத்துகளுக்கென 155 முதல் 251 வரை 97 இடங்கள் ஒதுக்கப்பட்டன. யூனிகோடில் தமிழுக்குரிய குறிகள் எழுபதையொட்டியவை. ஆகவே எண்ணிக்கையளவில் தமிழ் அதற்குள் அடங்கும். ஐந்தாம் பதிப்பு முதல் எழுத்தடுக்குகளைக் கதையாசிரியரே மாற்றி அமைக்கவும் வழியுண்டு. ஆனால் அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒன்பது குறிகளுக்கே இடம், எஞ்சியவை வெட்டப்படும். ஆங்கிலத்திற்கு அது போதும். தமிழிலோ பொருளை உணர்த்தும் உருபு சொல்லின் இறுதியில் வருகிறது. ‘பெட்டியை’ என்பதற்கும் ‘பெட்டிக்குள்’ என்பதற்கும் ‘பெட்டியிலிருந்து’ என்பதற்கும் உள்ள வேற்றுமை சொல்லின் வாலில் உள்ளது. வெட்டு விழுவதும் வாலில்தான். தமிழில் இத்தகைய கதை எழுத விரும்புவோர் சொல்லைப் பகுத்தறியும் செயலை அகராதியிடம் விடாது கதைக்குள்ளேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மொழியை எண்ணி வகுத்த இலக்கணத்துள் இன்னொரு மொழி குடியேறும்போது நேரும் இடர் இது. அதுவும் ஒரு பெயர்த்து நடுதலே.

இதனினும் அணுக்கமான படிப்பினை ஒன்று உண்டு. 1990-களில் தமிழைக் கணிப்பொறியில் எழுதியோர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு முறையைக் கையாண்டனர். ஓர் எழுத்துருவில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறோர் எழுத்து இருந்தது. எழுத்துரு இருக்கும்வரை கட்டுரை தமிழாகத் தோன்றும். எழுத்துரு தொலைந்தால் பொருளற்ற குறிகளின் கூட்டமாகிவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியே டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகள் வகுக்கப்பட்டன. பின்னர் யூனிகோட் பரவியது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சிட்ட கவிதைகள், சிற்றிதழ்கள், மலர்கள் பலவும் இன்று மாற்று நிரல்களின் துணையால் மட்டுமே படிக்கக்கூடியவை. மாற்று நிரல் எழுதுவதற்கும் அவ்வெழுத்துருவின் அட்டவணை கிடைக்க வேண்டும். அட்டவணை கிடைக்காதவை முத்திரையிட்ட பேழைக்குள் உள்ளன.

இசட் பொறியின் கதைகள் பிழைத்தமைக்குக் காரணம் அவற்றை ஆக்கிய பொறியின் வலிமையன்று. நிறுவனத்தின் செல்வமும் அன்று. அவை இரண்டும் அழிந்தன. எழுத்துக்கும் பொறிக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. அது சிறியது, முழுமையானது, எல்லாக் கதைகளுக்கும் ஒன்றே. அதனைப் பொறுமையாகப் படித்து, ஏட்டில் எழுதி, அடுத்தவர் கையில் ஒப்படைக்கச் சில வாசகர்கள் முன்வந்தனர். உடன்பாடும் வாசகரும் இருந்தால் உடல் எத்தனை முறை அழிந்தாலும் கதை அடுத்த உடலில் விழித்தெழும். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டமொன்று தன் படைப்புகளை எந்தக் குறியீட்டில் சேமிக்கிறது, அக்குறியீட்டின் இலக்கணம் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது என்று கேட்டுக்கொள்வது அவற்றைப் படைப்பதற்கு நிகரான கடமையாகும்.

திருமூலர் திரும்பி வந்தபோது பழைய உடல் அங்கே இல்லை. அதனால் திருமந்திரம் நின்றுவிடவில்லை. பழைய பொறிகளைத் தேடிச் செல்வோர்க்கும் ஒருநாள் அவை கிடைக்காமற்போகும். அன்றைக்குப் புகுவதற்கு வேறொரு கூடு இருக்க வேண்டும். புகும் வழியும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.